எக்ஸ்86 போல்டருக்குப் பின்னால் இருக்கும் மனிதர்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், சி டிரைவைத் திறந்தால் புரோகிராம் பைல்ஸ் என்ற பெயரில் இரண்டு போல்டர்கள் இருக்கின்றன. ஒன்றின் பக்கத்தில் மட்டும் அடைப்புக் குறிக்குள் எக்ஸ்86 என்று போட்டிருக்கிறது. அது எதற்கு? இடத்தை அடைக்கிறதே, அழித்துவிடலாமா?"

அழித்துவிடாதீர்கள்! 32 பிட் வகையைச் சேர்ந்த புரோகிராம்கள் அந்த போல்டரில்தான் தங்குகின்றன. 64 பிட் புரோகிராம்களுடன் அவை கலந்துவிடக் கூடாது என்பதற்காக விண்டோஸ் இரண்டு வீடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த 86 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று யாராவது அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். அதன் வேரைத் தேடிப் பின்னோக்கிப் போனால் நாம் போய் நிற்கும் இடம் இன்டெல் நிறுவனத்தின் வாசல் அல்ல. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ என்ற ஊரில் இருந்த ஒரு டெர்மினல் கம்பெனி! அதன் பெயரை இன்று கம்ப்யூட்டர் விற்பவர்களிடம் கேட்டால்கூடத் தெரியாது.

முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம். 1978-ல் இன்டெல் வெளியிட்ட சிப்பின் பெயர் 8086. அதன் பின் 80186, 80286, 80386, 80486 என்று வரிசையாக வந்தன. எல்லாமே 86-ல் முடிவதால், முன்னால் எதுவாக இருந்தாலும் சரி என்ற பொருளில் மொத்தக் குடும்பத்தையும் எக்ஸ்86 என்று அழைத்தார்கள். 1993-ல் பென்டியம் வந்தபோது பெயர் மாறியது, குடும்பம் மாறவில்லை. இன்றைய இன்டெல் கோர் சிப்களும் ஏ.எம்.டி. ரைசன் சிப்களும் இதே வம்சம்தான். உங்கள் செல்போனில் இருப்பது ஆர்ம் என்ற வேறு வம்சம். அதை இன்னொரு மாதம் பார்ப்போம்.

சிப்களில் குடும்பம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஒவ்வொரு பிராசசருக்கும் புரியும் கட்டளைகள் சில உண்டு. இந்த எண்ணை எடு, அதனுடன் இதைக் கூட்டு, விடையை இங்கே வை, விடை பூஜ்யம் என்றால் அந்த இடத்திற்குத் தாவு என்பது போன்ற மிகச் சிறிய கட்டளைகள். இந்தப் பட்டியலை இன்ஸ்ட்ரக்ஷன் செட் என்கிறோம். ஒரே மாதிரிப் பட்டியலைப் புரிந்துகொள்ளும் சிப்கள் ஒரே குடும்பம். அப்படியானால் எக்ஸ்86 குடும்பத்தின் பட்டியலை முதன்முதலில் பேப்பரில் எழுதியவர் யார்?

விடுமுறையில் எழுதிய பட்டியல்

1968-ல் சான் அன்டோனியோவில் ஃபில் ரே, கஸ் ரோச் என்ற இரண்டு எஞ்சினியர்கள் கம்ப்யூட்டர் டெர்மினல் கார்ப்பரேஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதனுடன் தொலைவிலிருந்து பேச டெலிடைப் என்ற இயந்திரம். தட்டினால் தடதடவென்று பேப்பரில் அச்சடிக்கும். அதற்குப் பதிலாகத் திரையில் எழுத்தைக் காட்டும் டெர்மினல் செய்து விற்பதுதான் இவர்களின் தொழில்.

ஆனால் ஒவ்வொரு பெரிய கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு விதமான டெர்மினல் தேவைப்பட்டது. ஒரே டெர்மினலுக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்து, புரோகிராமை மட்டும் மாற்றினால் எல்லாவற்றுடனும் பேச வைக்கலாமே என்று யோசித்தார்கள். அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர் விக்டர் பூர். மேரிலாந்து மாநிலத்தில் வேறொரு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர், பிறகு இந்த நிறுவனத்திலேயே சேர்ந்துகொண்டார். அவருக்குத் துணையாக இருந்தவர் ஹாரி பைல் என்ற கல்லூரி மாணவர். இருவருமே ஹாம் ரேடியோ பிரியர்கள். 1969 நவம்பரில், அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விடுமுறையில், பூரின் வீட்டில் உட்கார்ந்து இந்த இருவரும் கட்டளைப் பட்டியலை எழுதினார்கள். எக்ஸ்86 குடும்பத்தின் ஆதி மூலம் அதுதான்.

அந்த மெஷினின் பெயர் டேட்டாபாயிண்ட் 2200. 1970-ல் அறிவிக்கப்பட்டது. அதன் படத்தைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். கீபோர்டு, திரை, புரோகிராம் ஏற்றுவதற்கு இரண்டு கேசட் டிரைவ்கள், எல்லாம் மேஜை மேல் வைக்கும் ஒரே பெட்டிக்குள்! ஜாக் ஃப்ராசனிட்டோ என்பவர் உருவம் கொடுத்தார். திரை மட்டும் வேடிக்கையாகக் குட்டையாக, அகலமாக இருக்கும். மொத்தம் 12 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள். அந்நாளில் புழக்கத்தில் இருந்த பஞ்ச் கார்டின் வடிவத்தை ஒட்டி அப்படி வைத்தார்கள். ஆரம்ப மாடலின் மெமரி 2 கிலோபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோவின் ஒரு மூலையைக்கூட அதில் வைக்க முடியாது.

அந்த மெமரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். அது இன்றைய ராம் போல நினைத்த இடத்திலிருந்து எண்ணை எடுத்துத் தராது. பிட்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். ரங்கராட்டினத்தில் நம் குதிரை சுற்றி வரும்வரை காத்திருப்பது போல, வேண்டிய பிட் வரும்வரை பிராசசர் காத்திருக்க வேண்டும். இப்போது நீங்கள் பள்ளியில் கூட்டல் போட்ட முறையை நினைத்துப் பாருங்கள். ஒன்றின் இடத்திலிருந்து தொடங்கி, மீதியைப் பத்தின் இடத்திற்குக் கொண்டு போகிறோம் அல்லவா? பிட்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டும் மெஷினுக்கும் அதே வழிதான். எனவே ஓர் எண்ணின் சிறிய பகுதி முதலில் வந்து சேர வேண்டும், பெரிய பகுதி பிறகு வர வேண்டும். பூரும் பைலும் அப்படியே அமைத்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? 1000 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பைட்டுக்குள் 255-க்கு மேல் அடங்காது என்பதால் இதற்கு இரண்டு பைட் தேவை. 256-ஐ மூன்றால் பெருக்கினால் 768, மீதி 232. ஆகவே 3, 232 என்ற இரண்டு பைட்டுகள். நாமாக இருந்தால் 3-ஐ முதலில் எழுதுவோம். உங்கள் கம்ப்யூட்டர் 232-ஐ முதலில் வைத்து, 3-ஐ அடுத்து வைக்கும். சுற்றும் மெமரி ஒழிந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த வழக்கம் மட்டும் 50 ஆண்டுகளைத் தாண்டி உங்கள் மேஜை மேல் உயிரோடு இருக்கிறது.

மெமரி வாங்கப் போன இடத்தில்

அப்போது இன்டெல் இளம் நிறுவனம். அதுவும் 1968-ல் பிறந்ததுதான். மெமரி சிப் விற்பதே அதன் வியாபாரம். டெக்சாஸ்காரர்கள் அதன் மெமரி வாடிக்கையாளர்கள். அந்தத் தொடர்பில்தான், இந்த பிராசசர் முழுவதையும் ஒரே சிப்பில் செய்யலாம் என்ற பேச்சு எழுந்தது. முதலில் சொன்னது பூரா, இன்டெல் ஆட்களா என்பதில் இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன. பூர் பின்னாளில் நினைவுகூர்ந்தது சுவையானது. இன்டெல்லின் ராபர்ட் நாய்ஸுக்கு இந்த யோசனை அவ்வளவாகப் பிடிக்கவில்லையாம். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பிராசசர்தான் விற்கும், மெமரி சிப்களோ நூற்றுக்கணக்கில் விற்குமே என்பது அவரது கணக்கு. எனக்கு இதில் சிரிப்பு வரவில்லை. 1970-ல் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் அதுவே சரியான கணக்காகப் பட்டிருக்கும்.

இருந்தாலும் ஒப்புக்கொண்டார்கள். 1201 என்று எண் கொடுத்து, ஹால் ஃபீனி என்ற எஞ்சினியரிடம் வேலையைக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் வேலை நின்றும் போனது. டெக்சாஸ்காரர்கள் சிப்புக்காகக் காத்திருக்கவில்லை. சுமார் நூறு சாதாரண சிப்களைப் போர்டில் அடுக்கியே தங்கள் மெஷினைத் தயாரித்து விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஜப்பானிலிருந்து வந்தவர்

இதே காலத்தில் இன்டெல்லில் இன்னொரு வேலை ஓடிக்கொண்டிருந்தது. இதைத்தான் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஜப்பானின் பிசிகாம் என்ற கால்குலேட்டர் நிறுவனம் தனக்கென்று சிப்கள் செய்து தரச் சொல்லி 1969-ல் இன்டெல்லிடம் வந்தது. இன்டெல்லின் டெட் ஹாஃப், பலவிதமான தனித்தனி சிப்களுக்குப் பதிலாக, புரோகிராமால் இயங்கும் பொதுவான பிராசசர் ஒன்றைச் செய்யலாம் என்றார். ஸ்டான் மேசர் அவருடன் சேர்ந்து அதைச் செதுக்கினார். அதுவே 1971-ல் 4004 ஆக வந்தது. பொதுவாகக் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் யோசனைக்கும் சிப்புக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதில் இறங்கியவர்கள் இருவர்.

ஒருவர் மசதோஷி ஷிமா. பிசிகாம் அனுப்பிய எஞ்சினியர். கல்லூரியில் படித்தது வேதியியல்! அதில் வேலை கிடைக்காததால் கால்குலேட்டர் நிறுவனத்தில் சேர்ந்தவர். மற்றவர் இத்தாலியரான ஃபெடரிகோ ஃபாஜின். டிரான்சிஸ்டரின் கேட் என்ற பகுதியை அலுமினியத்திற்குப் பதில் சிலிக்கானிலேயே அமைக்கும் சிலிக்கான் கேட் முறையை 1968-ல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் உருவாக்கிக் காட்டியவர். அந்த முறை இல்லாமல் இத்தனை டிரான்சிஸ்டர்களை இவ்வளவு சிறிய இடத்தில் அந்த ஆண்டில் அடைத்திருக்கவே முடியாது.

ஃபாஜின் 1970 ஏப்ரலில் இன்டெல்லில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களில் ஷிமா ஜப்பானிலிருந்து வந்து இறங்கினார். டிசைன் முடிந்திருக்கும், சரிபார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்தவரிடம் காட்ட எதுவுமே இல்லை. முந்தைய மாதங்களில் வேலை ஓர் அடிகூட நகர்ந்திருக்கவில்லை. ஷிமா கொதித்துப் போனார். நேற்று வந்து சேர்ந்த ஃபாஜின்தான் அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு நடந்ததுதான் அழகு. வாடிக்கையாளராக வந்த ஷிமா சண்டை போட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. சுமார் ஆறு மாதம் அங்கேயே தங்கி, ஃபாஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லாஜிக் டிசைனைச் செய்தார். கடையில் சட்டை தைக்கக் கொடுத்தவரே உள்ளே போய் மெஷினில் உட்கார்ந்தது போல!

அப்போது சிப்பை வரைய இன்று போல் சாஃப்ட்வேர் கிடையாது. சிவப்பு மெல்லிய தாள் ஒட்டிய பெரிய பிளாஸ்டிக் ஷீட்டில், சிப்பின் ஒவ்வொரு அடுக்கையும் பல நூறு மடங்கு பெரிதாக வரைந்து, கத்தியால் கையாலேயே வெட்டி உரிப்பார்கள். பிறகு போட்டோ முறையில் சுருக்குவார்கள். 4004-ல் சுமார் 2300 டிரான்சிஸ்டர்கள். அத்தனையும் இப்படிக் கையால் வெட்டியவை. ஒரு கோடு தவறினால் சிப் செத்தது. அந்த வரைபட மேஜைகளில் குனிந்து வெட்டியவர்களின் பெயர் எந்த விளம்பரத்திலும் வந்ததில்லை.

1970 டிசம்பர் கடைசியில் முதல் 4004 வேஃபர் வந்தது. ஒரு சிப்கூட வேலை செய்யவில்லை. மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்த ஃபாஜின், தொழிற்சாலையில் ஓர் அடுக்கையே விட்டுவிட்டார்கள் என்று கண்டுபிடித்தார். ஜனவரி 1971-ல் மறுபடி வந்தது, இயங்கியது. சிப்பின் ஓரத்தில் ஃபாஜின் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைச் சிறிதாகப் பொறித்திருந்தார். அது புத்திசாலித்தனமான காரியம் என்பது பின்னாளில் தெரிந்தது. அவர் 1974 கடைசியில் இன்டெல்லை விட்டு வெளியேறி ஜைலாக் என்ற போட்டி நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பிறகு பல ஆண்டுகள், 4004 பற்றிய பேச்சில் ஹாஃப் பெயரே முன்னால் நின்றது, தன் பங்கு ஒதுக்கப்பட்டது என்பது ஃபாஜினின் வருத்தம். சிப்பில் பொறித்த எழுத்தை யாரும் அழிக்க முடியாதல்லவா!

4004-ன் உரிமை முதலில் பிசிகாமிடம்தான் இருந்தது. கால்குலேட்டர் விலைப் போட்டியில் பிசிகாம் தடுமாறியது. சிப்பின் விலையைக் குறைக்கச் சொன்னது. தான் வாங்கிய 60,000 டாலரைத் திருப்பிக் கொடுத்து, விலையையும் குறைத்து, கால்குலேட்டர் தவிர மற்ற எதற்கும் விற்கும் உரிமையை இன்டெல் பெற்றுக்கொண்டது. 1971 நவம்பரில் விளம்பரம் செய்தது. பிசிகாம் 1974-ல் திவாலானது.

கைவிட்டுப் போன சிப்

மீண்டும் டெக்சாஸுக்கு வருவோம். 1971 தொடக்கத்தில், நின்றுபோன 1201 வேலை ஃபாஜினின் மேற்பார்வையில் மறுபடி தொடங்கியது. ஃபீனி அதை முடித்தார். ஆனால் சிப் வந்தபோது டேட்டாபாயிண்ட் நிறுவனத்திற்கு அது தேவைப்படவில்லை. போர்டில் நூறு சிப் அடுக்கிய தங்கள் மெஷினே அதைவிட வேகமாக ஓடியது. உருவாக்கிய செலவுக்கு இன்டெல்லுக்குக் கொடுக்க வேண்டிய தொகை சுமார் 50,000 டாலர். பணத்திற்குப் பதிலாக, சிப்பையும் அதன் டிசைனையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

1972 ஏப்ரலில் இன்டெல் அதை 8008 என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 3500 டிரான்சிஸ்டர்கள், 8 பிட். உள்ளே இருந்தது பூரும் பைலும் எழுதிய பட்டியல்! இதே பட்டியலுக்கு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் கேரி பூன் என்பவரும் 1971-லேயே ஒரு சிப் செய்திருந்தார். இன்டெல்லுக்கு முன்பே தயாரானது, ஆனால் கடைக்கு வரவே இல்லை.

8008-ஐ மேம்படுத்தி 1974-ல் வந்தது 8080. அதை வடிவமைத்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் ஷிமாதான். 1972-ல் அவரை இன்டெல்லே வேலைக்கு அழைத்துக்கொண்டது. ஆல்டேர் என்ற, வீட்டில் நாமே பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர் 1975 ஜனவரியில் இந்த 8080-ஐ வைத்துத்தான் வந்தது. அதற்கு பேசிக் மொழியை எழுதிக் கொடுத்து பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாஃப்டைத் தொடங்கினார்கள். ஷிமா பிறகு ஃபாஜினுடன் ஜைலாக் போய், 1976-ல் இசட்80 சிப்பைச் செய்தார். அதில் காப்பியடிப்பவர்களைக் குழப்புவதற்காகப் பார்வைக்கு ஒரு மாதிரியும் வேலையில் வேறு மாதிரியும் இருக்கும் டிரான்சிஸ்டர்களைப் பொறியாக வைத்தார். குறும்பான மனிதர்! அந்த இசட்80-இன் அசல் வரிசைக்கு 2024 ஜூன் வரை ஆர்டர் வாங்கினார்கள்.

கடைசியாக 8086. இன்டெல் வேறொரு பிரமாண்டமான சிப்பை நம்பிக்கொண்டிருந்தது. அது தயாராகும்வரை இடைக்காலத்திற்கு ஒன்று தேவைப்பட்டது. 1976-ல் அந்த வேலை ஸ்டீபன் மோர்ஸ் என்பவருக்குப் போனது. சிப் டிசைனர் அல்ல, சாஃப்ட்வேர்காரர்! புரோகிராம் எழுதுபவருக்கு என்ன வேண்டும் என்று பார்த்துக் கட்டளைகளை அமைத்தார். ஆனால் 8080-க்கு எழுதியவற்றை எளிதாக மாற்றிக்கொள்ளவும் வழி வேண்டும் என்பதால், சிறிய பைட் முதலில் என்ற டெக்சாஸ் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. பிரமாண்டமான சிப் வந்து தோற்றுப் போனது. இடைக்கால ஏற்பாடாக வந்த 8086-இன் தம்பியான 8088-ஐ ஐ.பி.எம். தன் பி.சி.யில் 1981-ல் வைத்தது. மீதி உங்கள் சி டிரைவில் இருக்கிறது.

முதல் மைக்ரோபிராசசர் எது என்ற சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14 போர் விமானத்திற்காக ரே ஹோல்ட், ஸ்டீவ் கெல்லர் ஆகியோர் 1970-க்குள் செய்து முடித்த சிப்கள் ராணுவ ரகசியம் என்பதால் 1998 வரை வெளியே தெரியவில்லை. கில்பர்ட் ஹயாட் என்பவர் 1990-ல் பேடன்ட்டே வாங்கிவிட்டார், பிறகு அதன் முக்கிய உரிமை ரத்தானது. இவற்றில் எதுவும் எக்ஸ்86 வம்சத்தில் இல்லை என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

டேட்டாபாயிண்ட் என்றே பெயர் மாற்றிக்கொண்ட டெக்சாஸ் நிறுவனம் 2000-ல் திவால் மனு கொடுத்தது. விக்டர் பூர் ஓய்வுக்குப் பிறகு தன் பழைய ஹாம் ரேடியோவுக்கே திரும்பினார். நடுக்கடலில் படகில் இருப்பவர்கள் ரேடியோ வழியாக இமெயில் அனுப்பும் ஏற்பாட்டில் பல ஆண்டுகள் உழைத்தார். 2012-ல் காலமானார்.

அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்கத்தில் 1996-ல் மைக்ரோபிராசசருக்காகச் சேர்க்கப்பட்ட பெயர்கள் மூன்று: ஹாஃப், மேசர், ஃபாஜின். அடுத்த ஆண்டு ஜப்பானின் கியோட்டோ பரிசு அதே மூவருடன் ஷிமாவையும் சேர்த்து நால்வருக்கு வழங்கப்பட்டது. பூர், பைல் இருவரின் பெயரும் இரண்டு பட்டியலிலும் இல்லை.